பாபிகிரின் எடை

"இன்னும் நெருக்கி அடுக்குங்கக்கா. நடுவுல மேடு தட்டினா மையித்து உருண்டுடும்" என்றான் முன்ஸிர்.

அலவிய்யா கயிற்றுக் கட்டிலின் மேல் குனிந்து, சத்துப் பொட்டலங்களைக் கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை வரிசையாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை நீளத்தில் வெள்ளிக் காகிதப் பொட்டலங்கள். உள்ளே வேர்க்கடலையும் பாலும் சர்க்கரையும் அரைத்த பசை. மூலையைக் கிழித்துக் குழந்தையின் வாயில் பிதுக்கினால் போதும், தண்ணீர் கூட வேண்டாம். ஒன்றை ஒட்டி ஒன்று வைத்து, மேலே இன்னொரு அடுக்கு, அதற்கு மேலே இன்னொன்று. வீட்டில் அடுப்புச் சாம்பலைத் தட்டிச் சமன் செய்கிற அதே கையால் தட்டிச் சமன் செய்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவளுடைய அண்ணன் பாபிகிரின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இருந்தது உம்துர்மான் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டு. டயர் இல்லாத ஆம்புலன்ஸ் ஒன்று அங்கே மறைப்பாக நின்றது. அதன் முனையில் திஜானி காவலுக்கு நின்றான். காவல் என்று பெயர்தான். முப்பது எண்ணுவதற்குள் இரண்டு தடவை திரும்பி, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கழுதை வண்டி ஓட்டுகிறவன். முன்பு நல்ல ஆஜானுபாகு, இப்போது எலும்பு மட்டும் பழைய அளவில் மிச்சமிருந்தது.

"நீ இப்படித் தவிச்சா பாக்குறவனுக்கே சந்தேகம் வந்துடும். மூஞ்சிய சோகமா வச்சுக்கோ" என்றாள் அலவிய்யா.

"சோகமாத்தான்க்கா இருக்கேன். உள்ள படுத்திருக்கிறது என் சிநேகிதன். இந்தக் காலுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அவன் கால் மட்டுமல்ல. அலவிய்யாவின் நெஞ்சும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. விடிகாலைத் தொழுகைக்கு முன்னால் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். அப்போதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கூடப் பிறந்தவன் செத்துக் கிடக்கும்போது, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல அவளுக்குப் படபடவென்று இருந்தது. கை துறுதுறுத்தது. இது என்ன ஜென்மம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

உம் ஸந்த் ஆற்றோரக் குடியிருப்பு. சண்டை தொடங்கி, அதன் ஒரே சாலையில் சோதனைச் சாவடி வந்து உட்கார்ந்த பிறகு, உள்ளே போகிறவன் கையில் ஒரு வெங்காயம் கூட இருக்கக்கூடாது என்றாகிவிட்டது. பாபிகிரும் அலவிய்யாவும் அங்கே ஒரு தக்கியா நடத்தினார்கள். தெருவுக்கெல்லாம் ஒரே அடுப்பு, ஒரே அண்டா. முதலில் அவரைக்கொட்டை, பிறகு பருப்பு, பிறகு பருப்பு கழுவிய தண்ணீர் என்று அண்டா இளைத்துக்கொண்டே வந்தது. பெரியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பிள்ளைகளால் முடியவில்லை. கையின் மேற்பகுதியில் சுற்றி அளக்கிற பட்டி ஒன்றை முன்ஸிர் கொடுத்தனுப்பியிருந்தான். பச்சை வந்தால் தேவலை, மஞ்சள் வந்தால் கவலை, சிவப்பு வந்தால் இந்தப் பசை வேண்டும். திஜானியின் பேத்தி ருவைதாவுக்குச் சிவப்பைத் தாண்டிப் பட்டியை இழுக்க வேண்டியிருந்தது.

பசை இருந்தது. முன்ஸிர் வேலை பார்த்த நிவாரணக் குழுவின் அறையில் மூன்று பெட்டி, வாரக்கணக்கில் தூசு படிந்து இருந்தது. முத்திரை குத்திய அனுமதிக் காகிதமும் இருந்தது. சாவடி அதிகாரி அந்தக் காகிதத்தால் விசிறிக்கொண்டு, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேலதிகாரிகளிடம் நானே போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று பாபிகிர் நகரத்துக்குக் கிளம்பி வந்தான். பேசுவதற்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக்கொள்ள அலவிய்யாவைத் தன் வண்டியில் வைத்து ஓட்டிவந்தவன் திஜானி. நோயாளியைப் பார்க்கப் போகிற பெண்பிள்ளை என்று சாவடியில் விட்டார்கள்.

"பொண்டாட்டி பக்கத்துல பொதைங்க" என்பது பாபிகிர் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது. பொண்டாட்டியின் கபர் உம் ஸந்தில் இருந்தது.

"எப்படிக் கொண்டுபோறது?" என்று முன்ஸிர் குழு அறையில் வைத்துக் கேட்டபோது, "தோள்ல போற ஜனாஸாவை எவன் தடுப்பான்" என்று திஜானி சொன்னான். அலவிய்யாவின் கண் அறை மூலையிலிருந்த பெட்டிகளின் மேல் போனது. வாயைத் திறந்து அதைச் சொன்னது அவள்தான். சொன்னதும் திஜானி காதைப் பொத்திக்கொண்டு, இறைவனிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்டு முடித்த கையோடு, "ஒரு கட்டில்ல எத்தனை பொட்டலம் பிடிக்கும்?" என்றான்.

இப்போது கட்டில் நிரம்பிவிட்டது. மேலே சிவப்புக் கோடு போட்ட ஈச்சம்பாயை விரித்தார்கள். குளிப்பாட்டியவர்கள் கஃபன் துணியால் சுற்றிய பாபிகிரைக் கொண்டுவந்து பாயின் மேல் கிடத்தினார்கள். சந்தனமும் கற்பூரமும் மணத்தன. இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பச்சைத் துணியைப் போர்த்தினான் முன்ஸிர். அலவிய்யா துணிக்கு வெளியே நின்று, தலைமாட்டில் குனிந்தாள்.

"அண்ணே, முதுகுல குத்தினா பொறுத்துக்கோ" என்றாள்.

உம் ஸந்துக்குத் திரும்ப வழி பார்த்துக் காத்திருந்த இரண்டு பேர் பின்கால்களைப் பிடித்தார்கள். முன்னால் முன்ஸிரும் திஜானியும். தூக்கினார்கள். திஜானியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"உயிரோட இருக்கிறப்போ இவனை ஒத்தக் கையால தூக்கி வண்டில வப்பேன்" என்று முனகினான்.

"பேசாம நட" என்றான் முன்ஸிர். "அக்கா, நீங்க பின்னாலயே வாங்க. நம்ம வழக்கத்துல பொம்பளை வரமாட்டாங்கதான். ஆனா இன்னிக்கு நீங்க வரணும். சாவடில அழணும். நீங்க அழுதா எவனும் கிட்ட வரமாட்டான்."

"அழறேன்" என்றாள் அலவிய்யா. எப்படி என்றுதான் தெரியவில்லை.

சந்தை முனை வரை ஒரு லாரி கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் லாரி போகாது; கழுதை வண்டியில் ஏற்றினால் சாவடியில் குடைவார்கள். சந்தை வழியாக நடந்து, சாவடியைத் தாண்டி, வளைவு திரும்பினால் உம் ஸந்த். முன்ஸிர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். கஃபனை எவனும் விலக்க மாட்டான், முகத்தை மட்டும் பார்ப்பான். மரணச் சான்று கையில் இருக்கிறது. தொற்றுநோய் இல்லை, நெஞ்சுவலி. ஒரு ஓட்டையும் இல்லை என்று லாரியில் வைத்து அடித்துச் சொன்னான்.

சந்தைக்குள் பத்தடி நடந்திருப்பார்கள். ஒரு தேநீர்க்கடைக்காரன் கெட்டிலை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான். "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே, பின்னால் தூக்கி வந்தவரின் தோளைத் தட்டினான். தட்டினால் இடம் விட வேண்டும். போகிற ஜனாஸாவுக்கு எதிரே வருகிறவன் தோள் கொடுக்காமல் போனால் அவன் மனுஷனே இல்லை. நாலடியாவது தூக்க வேண்டும், அந்தப் புண்ணியத்தை விட எவனுக்கும் மனசு வராது. பிறந்ததிலிருந்து எல்லோரும் செய்கிற காரியம். முன்ஸிரும் செய்திருக்கிறான், திஜானியும் செய்திருக்கிறான். மூச்சு விடுவதை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா, அது மாதிரி இதையும் அவர்கள் சேர்க்கவில்லை.

தேநீர்க்கடைக்காரன் தோளை நுழைத்தான். கட்டில் அந்த மூலையில் ஒரு சாண் இறங்கியது.

"அல்லாஹ்" என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "நல்ல கனம்."

முன்ஸிர் திரும்பி அலவிய்யாவைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பெரிய படிப்பு படித்த பிள்ளை, ஒரு சந்தை முழுக்க முஸ்லிம்கள் இருப்பதை மறந்துவிட்டான்.

அடுத்து ஒரு கறிக்கடைக்காரன். பிறகு செருப்புத் தைக்கிறவன். பிறகு இரண்டு வாலிபர்கள், போட்டி போட்டுக்கொண்டு. திஜானி தன் இடத்தை விடவே மாட்டேன் என்று கட்டிலின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தான். பார்க்கிறவர்கள் சிநேகிதனின் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவனும் தோளைக் கொடுத்தான், ஒவ்வொருவனும் மூச்சைப் பிடித்தான். விலகும்போது ஒவ்வொருவனும் ஏதோ ஒன்றை முணுமுணுத்தான்.

முதலில் அலவிய்யாவுக்குப் பயமாக இருந்தது. பிறகு அவர்கள் முணுமுணுத்தது காதில் விழ ஆரம்பித்தது.

"ஆளப் பாத்தா ஒல்லியா தெரியுது. என்ன இந்தக் கனம் கனக்குறாரு."

"யாரு சாபமோ."

"நல்லவங்க ஜனாஸா பறக்கும்பா. எங்கப்பாவை நாங்க தூக்கல, அவரே போனாரு. இது கால அழுத்துது."

"என்னத்த செஞ்சு சேத்து வச்சாரோ. அல்லாஹ் மன்னிக்கட்டும்."

அலவிய்யாவுக்குக் காது சுட்டது. பாபிகிரைச் சொல்கிறார்கள். அண்டாவில் கடைசிக் கரண்டி தனக்கென்று இருந்தாலும், எனக்குப் பருப்பே ஆகாது, வாயு என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவனைச் சொல்கிறார்கள். பருப்பு ஆகாமலா அவன் அதைக் கிண்டும்போது அப்படி மூக்கை உறிஞ்சினான். ஒவ்வொருவனாகப் பிடித்து நிறுத்தி, எங்கண்ணன் எடை என்ன தெரியுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தலையைச் சுற்றிப் போர்த்தியிருந்த துணியின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். பார்த்தவர்கள், பாவம், அழுகையை அடக்குகிறாள் என்றார்கள்.

சாவடி வந்துவிட்டது.

தார் டிரம்கள், குறுக்கே ஒரு இரும்புக் குழாய். ஓரமாகக் கட்டிய சாக்குப் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் அதிகாரி. குழாய்க்கு முன்னால் நின்ற சிப்பாயை அலவிய்யாவுக்குத் தெரியும். கீழுதட்டுக்குள் எப்போதும் புகையிலை உருண்டை அடக்கி வைத்திருப்பவன். பாபிகிர் அவனுக்கு உதடன் என்று பெயர் வைத்திருந்தான். ஒரு மாதம் முன்னால், பாபிகிர் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்த பருப்புப் பையைக் கத்தியால் கீறிவிட்டவன் அவன்தான். பருப்பு சாலையெல்லாம் கொட்டியது. பாபிகிர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். உதடன் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு, பார்த்துக்கொண்டே நின்றான்.

"யாரு?" என்றார் அதிகாரி, எழுந்திருக்காமல்.

"இந்தம்மாவோட அண்ணன். உம் ஸந்த் ஆளு. நெஞ்சுவலி" என்று முன்ஸிர் சான்றை நீட்டினான்.

"முகத்தத் திற."

கட்டிலை இறக்கினார்கள். திஜானி அதைப் பால் பானையை இறக்குவது போல இறக்கினான். முன்ஸிர் முகத்துணியை விலக்கினான். உதடன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, புகையிலையை ஓரமாகத் துப்பினான்.

"இது அந்தப் பருப்புக்காரரு" என்றான்.

"தெரியுமா?"

"தெரியும் சார். எத்தனை தடவை சோதிச்சிருக்கேன்."

அதிகாரி கையை ஏந்தி ஃபாத்திஹா ஓதினார். எல்லோரும் ஓதினார்கள். முகத்தில் தடவிக்கொண்டார்கள். "போங்க" என்று அதிகாரி கையசைத்தார். குழாய் மேலே போனது. அலவிய்யா அழ வேண்டிய நேரம் அது. முன்ஸிர் கண்ணால் கெஞ்சினான். அவள் கண்ணை இறுக மூடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

கட்டிலைத் தூக்கினார்கள். அப்போது உதடன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்தான். திஜானியின் தோளைத் தட்டினான்.

திஜானி அசையவில்லை.

"விடுய்யா" என்றான் உதடன். "நானும் தொழறவன்தான்."

"பரவால்லப்பா, நான் பாத்துக்குறேன். உனக்கு வேலை கெடக்கு."

"தோள் குடுக்க வர்றவனைத் தடுக்குறியா?"

 உலகத்தில் எந்த முஸ்லிமிடமும் அதற்குப் பதில் இருக்க முடியாது. திஜானி தோளை உருவிக்கொண்டான். உதடன் நுழைந்தான்.

கட்டில் அமுங்கியது. உதடனின் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. அவன் ஓர் அடி வைத்தான். நின்றான். கன்னத்தைப் பச்சைத் துணியில் அழுத்தியபடி, பக்கவாட்டில் கண்ணைத் திருப்பி அலவிய்யாவைப் பார்த்தான். இந்த மனிதனின் இடுப்பை, விலாவை, கக்கத்தை எத்தனையோ தடவை தடவிப் பார்த்த கை அவனுடையது. ஒரு பருப்பு கூடுதலாக இருந்தால் கண்டுபிடித்துவிடுகிற கை.

"இவ்வளவு கனமா இருக்காரே" என்றான்.

பந்தலுக்குக் கீழே அதிகாரி தலையைத் திருப்பினார்.

அலவிய்யாவுக்குச் சந்தை முழுக்கக் கேட்டது ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது. தேநீர்க்கடைக்காரன், கறிக்கடைக்காரன், யாரோ ஒருவனின் அப்பா பறந்த கதை எல்லாம். பெட்டிகளை மறந்தாள். பட்டியின் சிவப்பை மறந்தாள். அண்ணன் மட்டும்தான் நினைவில் நின்றான்.

"எங்கண்ணன் கனமில்ல" என்றாள். குரல் சாலை முழுக்கக் கேட்டது. "ஒரு பாவமும் அவன்கிட்ட இல்ல. சாப்பாட்ட ஊருக்குப் போட்டுட்டு அவன் தண்ணி குடிச்சுப் படுத்தான். என் இடுப்புல தூக்கிக்கலாம் அவனை. அவ்வளவு லேசான மனுஷன். எவனாவது எங்கண்ணன் கனம்னு சொன்னீங்க..."

அதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். முன்ஸிர் கண்ணை மூடிக்கொண்டான். திஜானியின் உதடு எதையோ ஓதத் தொடங்கியிருந்தது.

"என்ன சொல்றா அந்தம்மா?" என்றார் அதிகாரி.

உதடன் கட்டிலின் காலைக் கையால் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கித் தோளில் சரியாக உட்காரவைத்துக்கொண்டான். அப்படிச் செய்தபோது அவன் விரல்கள் பாய்க்குக் கீழே கயிற்றுக்குள் போயின. அலவிய்யா பார்த்தாள். விரல்கள் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தன.

"துக்கத்துல பேசுறாங்க சார்" என்றான். "எல்லாப் பொணமும் கனம்தான். அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடுறேன்."

நடந்தான். நாலடியில் விலகியிருக்கலாம், விலகவில்லை. குழாயைத் தாண்டினான், கடைசி டிரம்மைத் தாண்டினான், மணல் மூட்டைகளைத் தாண்டினான். வேர்வை கழுத்தில் ஓடியது. "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று அவன் ஆரம்பிக்க, மற்றவர்கள் உலர்ந்த நாக்கால் திருப்பிச் சொன்னார்கள். வளைவில் வேப்பமரம் சாவடியை மறைத்த இடத்தில் திஜானியைக் கண்ணால் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்தான். தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"பாத்துப் போங்க" என்றான். "கயிறு பழசு. அறுந்துடப்போகுது."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

வேப்பமரத்தடியில் திடீரென்று கட்டிலைத் தூக்கிய நால்வரும் ஒரே நேரத்தில் நடையைக் கூட்டினார்கள். நடை ஓட்டமானது. கனமாவது ஒன்றாவது. திஜானி விக்கி விக்கிச் சிரித்தான், பிறகு அழுதான், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தான். அலவிய்யா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். தன் அண்ணனின் ஜனாஸாவுக்குப் பின்னால் வெறுங்காலோடு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடினாள்.

வீட்டு வாசலில் பெண்கள் ஒப்பாரியோடு காத்திருந்தார்கள். கட்டிலை நேராகத் தக்கியாவின் முற்றத்துக்குக் கொண்டுபோய், "வீட்டு ஆளுங்க மட்டும் கடைசியா முகம் பாத்துக்கட்டும்" என்று சொல்லி, முன்ஸிர் கதவைச் சாத்தினான். பாபிகிரைப் பாயோடு தூக்கித் தரையில் வைத்தார்கள். அலவிய்யா பொட்டலங்களை வாரி வாரி அண்டாவுக்குள் போட்டாள். மாதக்கணக்கில் அண்டா அவ்வளவு நிறைந்ததில்லை. கடைசிப் பொட்டலத்தை மட்டும் திஜானி கையில் திணித்தாள். அவன் பின்வாசல் வழியாக எகிறிக் குதித்துப் பேத்தியிடம் ஓடினான். சிநேகிதனின் அடக்கத்துக்கு அவன் தாமதமாகத்தான் வந்தான். யாரும் கேட்கவில்லை.

பாபிகிரைத் திரும்பக் கட்டிலில் கிடத்திக் கதவைத் திறந்தார்கள். ஊர் ஆண்கள் உள்ளே வந்து கட்டிலைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் அது தலைக்கு மேலே போய்விட்டது.

"ஸுப்ஹானல்லாஹ்" என்றார் முன்னால் நின்றவர். "காத்து மாதிரில்ல இருக்காரு."

அலவிய்யா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராதது அப்போது வந்தது. பக்கத்து வீட்டு அவதிய்யா வந்து கட்டிக்கொண்டாள். 

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு துக்க வீட்டில் ஆண்கள் முற்றத்துப் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பொட்டலத்தின் மூலையை உறிஞ்சிக்கொண்டிருந்தன. முன்ஸிர் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்து, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தான். ருவைதா திஜானியின் மடியில் கிடந்தாள். பாதிப் பொட்டலத்தை உள்ளே தள்ளிவிட்டு, மீதிக்கு அவன் விரலைக் கடித்தாள். அவள் கடித்ததை அவன் வருகிற எல்லோரிடமும் காட்டினான்.

அப்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். வெள்ளை ஜலாபிய்யா அங்கி, தலைப்பாகை. கீழுதடு புடைத்திருந்தது. சீருடை இல்லாததால் ஒரு நொடி யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் பிள்ளைகள் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உதடன் இரண்டு கையையும் ஏந்தினான். "ஃபாத்திஹா."

ஏந்திய கைக்கு எதிரே ஏந்தாமல் இருக்க முடியாது. அத்தனை பேரும் எழுந்து கையை ஏந்தினார்கள்.  ஓதி முடித்து ஒவ்வொருவராக வந்து உதடனைத் தழுவினார்கள், வழக்கம் அப்படி. அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு யார் தேநீர் கொடுப்பது என்று பெண்கள் பக்கம் ஒரு தயக்கம் ஓடியது. அலவிய்யா தானே எடுத்துக்கொண்டு போனாள்.

"சர்க்கரை இல்ல" என்றாள்.

"பரவால்லம்மா."

குடித்தான். சுவரோரத்தைப் பார்த்தான். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டே போனான். பொட்டலத்தை மறைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"இது எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டான். தேநீரைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டான்.

 அலவிய்யாதான் சொன்னாள். "வாரம் ஓடாது."

"ம்."

கடைசி மிடறு வரை குடித்தான். கோப்பையைப் பாயின் மேல் கவனமாக வைத்தான். எழுந்து ஜலாபிய்யாவைத் தட்டிக்கொண்டான். வாசல் வரை போய், அங்கே நின்றபடி யாரையும் பார்க்காமல் பேசினான்.

"உங்க ஊர்க்காரங்க வேற யாராவது அந்தப் பக்கம் ஆஸ்பத்திரில இருக்காங்களா?"

"ஏன்?" என்றாள் அலவிய்யா.

"சும்மாதான் கேட்டேன். வியாழக்கிழமை வரைக்கும் காலைல நான்தான் நிப்பேன். அதிகாரிக்கு முதுகுவலி. இனிமே முகமெல்லாம் நானே பாத்துக்குறேன்னு சொல்லியிருக்கேன்."

போய்விட்டான். அவன் செருப்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பொறி வைக்கிறான் என்றார் ஒருவர். பொறி வைக்கிறவன் நேற்றே பிடித்திருக்க மாட்டானா என்றார் இன்னொருவர். "ஆஸ்பத்திரில நம்ம ஆளு யாருமே இல்லையே. சாகப்போறவனுக்கு எங்க போறது?" என்றான் முன்ஸிர். அவன் கண் மட்டும் பளபளத்தது, குழு அறையில் இன்னும் என்னென்ன பெட்டி இருக்கிறது என்று உள்ளுக்குள் புரட்டிப் பார்க்கிற கண்.

திஜானி பேத்தியை அவதிய்யாவிடம் கொடுத்தான். விரலை ஜலாபிய்யாவில் துடைத்துக்கொண்டான்.

"எனக்கே கொஞ்ச நாளா நெஞ்சு சரியில்ல" என்றான்.

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. முற்றத்து மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டிலை நடுவுக்கு இழுத்தான். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். ஏறி மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டான்.

"எனக்குப் பக்கவாட்டுலயும் பொட்டலம் வைக்க எடம் இருக்கு பாருங்க. முன்ஸிர், பாருடா. அக்கா, துணி எங்க? போத்திப் பாத்தாத்தான தெரியும்."

அலவிய்யா பச்சைத் துணியை எடுத்துவந்தாள். காலிலிருந்து தொடங்கினாள். முழங்காலை மூடினாள், இடுப்பை மூடினாள், மார்பு வரை சமமாக இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தரை வரை தொங்குகிறதா என்று சுற்றிவந்து பார்த்தாள்.

"முகத்தையும் மூடுக்கா" என்றான் திஜானி, கண்ணை மூடிக்கொண்டு.

துணியின் விளிம்பு அவள் கையில் இருந்தது. அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருடா" என்றாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்."